இறுக்கி அடித்தால் புடைக்கும்

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று ரொறன்ரோவைச் சுற்றி நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் முகப்புச் செங்கல்லைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அந்தச் செங்கல் பெரும்பாலும் வீட்டைத் தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே நிற்கும் மரச்சட்டம். செங்கல் வெறும் போர்வை. பல வீடுகளில் மேல்மாடிக்கும் பின்பக்கத்துக்கும் போனால் அந்தப் போர்வையும் மாறி, வைனைல் பட்டையாகிவிடும். இதைத்தான் இங்கே 'சைடிங்' என்கிறோம்.

எங்கள் வீட்டின் பின்சுவர் ஒவ்வொரு ஜூலையும் பொரித்த அப்பளம் மாதிரி அலை அலையாகப் புடைக்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். ஒரு நவம்பர் காற்று ஆறு பட்டைகளைப் பிய்த்துப் புல்வெளியில் போட்ட பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன். வந்த தமிழ்ப் பையன் சுவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, முதல் அடிச்ச ஆள் ஆணியை இறுக்கிப்போட்டான். இது தொங்கி நிக்கோணும்."

வைனைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். பன்னிரண்டடிப் பட்டை ஒன்று கோடைக்கும் பனிக்கும் இடையே அரை அங்குலம் வரை நகரும். அதற்காகவே ஆணித் துளையை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் வெட்டியிருக்கிறார்கள். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய நாணயம் ஒன்று நுழையும் இடைவெளி விட வேண்டும். ஜன்னல் ஓரங்களிலும் மூலைகளிலும் கால் அங்குலம், கடுங்குளிரில் வேலை செய்தால் இன்னும் கொஞ்சம் கூட. வேலை முடிந்ததும் பட்டையை இடவலமாகத் தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இத்தனை இடைவெளி விட்டால் மழை உள்ளே போகாதா? போகும். சைடிங் மழையைத் தடுத்து நிறுத்தும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெரும்பகுதியைத் திருப்பிவிடும், நுழைந்தது கீழ்விளிம்பின் சிறு துளைகளால் வடியும். மரத்தைக் காப்பது பின்னால் சுற்றியிருக்கும் ஈரத்தடுப்பு உறைதான். அதைக் கிடுகு வேய்வதுபோல் கீழிருந்து தொடங்கி, மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் விழும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகும்.

நுழைந்த மழை வடிய வழி விடாததற்கு வான்கூவர் கொடுத்த விலை பெரிது. 1980களிலும் 90களிலும் அங்கே கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றில், மழை குறைந்த கலிபோர்னியாவின் பாணியில், தாழ்வாரமில்லாத பூச்சுச் சுவர்களை எழுப்பினார்கள். பூச்சின் விரிசல் வழியாகப் புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. உள்ளே மரம் மக்கியது. 1998இல் முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டி வந்தது. உறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சுமார் 10 மில்லிமீட்டர் காற்று இடைவெளி விட்டுக் கட்டுவது அதன் பிறகு அங்கே வழக்கமானது. சுவரின் மேல்பூச்சு எவ்வளவு அழகு என்பதல்ல, பின்னால் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி.

எதைத் தேர்வது? செலவைக் குறைப்பது முக்கியம் என்றால் வைனைல். ஆனால் சுமார் 70 பாகை செல்சியஸில் அது இளகத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டின் புதுவகை ஜன்னல் கண்ணாடி திருப்பிவிடும் வெயிலே சில சுவர்களை நெளித்திருக்கிறது. வீட்டுக்குள் மணக்கும் என்று பின்புறத்தில் அடுப்பு வைத்து மீன் பொரிக்கும் நம் பழக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிமெண்டும் மணலும் மரநாரும் கலந்த நார்ச்சிமெண்ட் பலகை தீப்பிடிக்காது, நெளியாது. ஆனால் கனம், கூலி அதிகம், அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமில்லாமல் அறுக்கிறவரை நான் வேலைக்கு வைக்கமாட்டேன். மரப் பலகை கண்ணுக்கு விருந்துதான், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாயம் பூசச் சலிக்காதவர்களுக்கு.

எங்கள் சுவருக்கு வைனைலே போதும் என்று முடிவு செய்தோம். பிரச்சினை நிறத்தில் வந்தது. பழையது வெளுத்திருந்தது, புதியது திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பையன் வெளியே நிற்கும் ஏசி இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த பழைய பட்டைகளைக் கழற்றி நடுச்சுவரில் மாட்டினான். புதியவற்றைக் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்துக்கு அனுப்பினான். மிஞ்சிய நான்கு கராஜில் கிடக்கின்றன.