நமக்கேற்ற கூடாரம் எது?

பள்ளிப் பாசறையிலும் கடற்கரையிலும் கூடாரமடித்துத் தங்குதல் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு தன்னம்பிக்கையையும் தருவதாகும். ஆயினும், கூடாரம் வாங்கப் போகும் பெற்றோர் கடையிலுள்ள நிறத்தையும் விலையையும் கண்டு மயங்குதல் கூடாது. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுக்குமுன் நாம் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். எங்கே தங்கப் போகிறோம்? கூடாரத்தைச் சுமப்பவர் யார்? தங்குவோர் எத்தனை பேர்?

முதலாவது, இடம். குளிர்நாட்டுக் கூடாரங்கள் உள்ளிருக்கும் வெப்பத்தைக் காப்பவை. பினாங்கிலோ இரவிலும் வெப்பம் ஏறத்தாழ 24 பாகை அளவில் நிற்கும். ஆகவே, நமக்கு வேண்டியவை காற்றோட்டமும் மழைக்காப்புமே. உள்ளே கொசுவலை, அதன்மேல் தனியாக மழைத்துணி என இரண்டு அடுக்குகள் கொண்ட கூடாரமே சிறந்தது. ஒரே அடுக்காயின், நம் மூச்சிலுள்ள ஈரம் துணியில் படிந்து விடியுமுன் நீராய்ச் சொட்டும். மேலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமாத்திரா' என்னும் சூறைக்காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ மழையோடு வந்து தாக்கும். எனவே மழைத்துணி தரையை ஒட்டி இறங்கியிருத்தல் நன்று.

இரண்டாவது, சுமை. தெலுக் பாஹாங்கில் 2003-ஆம் ஆண்டு அமைந்த பினாங்கு தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கெராச்சுட் கடற்கரைக்குக் கால்நடையாகச் செல்வோர் ஒரு மணி நேரத்திற்கு மேல் காட்டுப்பாதையில் ஏறி இறங்குதல் வேண்டும். அவர்களுக்கு 2 அல்லது 3 கிலோ எடையுள்ள, வளைகம்புகளால் நிற்கும் நைலான் கூடாரமே தகும். மணலில் சிறு முளைகள் நில்லா. பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டிப் புதைத்தால் கூடாரம் அசையாது. அக்கடற்கரை பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடம். ஆதலால், உரிய அனுமதி பெற்று, ஒதுக்கப்பட்ட இடத்திலேயே தங்குதல் நம் கடமை.

பள்ளித் திடலில் நிலைமை வேறு. வண்டி அருகிலேயே வந்துவிடும். அங்கே நின்று நடமாட இடமுள்ள கனத்த கித்தான் கூடாரம் பல்லாண்டு பயன் தரும். ஆனால், பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். மழைக்கு முன்னரே அதனைச் சற்றுத் தளர்த்தி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆள் எண்ணிக்கை. 'நால்வர் கூடாரம்' என்றால் நால்வர் நெருங்கிப் படுக்கலாம் என்பதே பொருள். பைகளுக்கு அதில் இடமிராது. எனவே மூவருக்கு நால்வர் கூடாரம் வாங்குதலே முறை.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே தங்குவோர் கூடாரம் வாங்கவே வேண்டுவதில்லை. இரவலோ வாடகையோ போதும். வாங்கியோர் முதலில் வீட்டு முற்றத்தில் அதனை அடித்து, தையல்களின்மேல் நீரூற்றிச் சோதித்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

எத்துணைச் சிறந்த கூடாரமும் இடியினின்று காவாது. இடி முழங்கினால் உடனே கட்டடத்துக்குள் செல்க. முதிய பால்மரத்தின் கீழும் ஆற்றோரத்திலும் கூடாரம் அடியாதீர். கூடாரத்தினுள் அடுப்பு மூட்டாதீர். தீயோடு நச்சுப்புகையும் உயிரைப் பறிக்கும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. நம் பழக்கத்துக்குத் தக்க கூடாரமே நம் பணத்தையும் பிள்ளைகளையும் ஒருங்கே காக்கும்.