அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க அவசரப்படாதீங்க!

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில் முறிந்த மரங்களை அறுத்த பிறகு பல வாசல்களில் மிஞ்சினது அடிக்கட்டைதான். உங்க வீட்லயும் ஒண்ணு இருந்தா, முதல்ல அதுக்கு உயிர் இருக்கான்னு பாருங்க. வேம்பு, புங்கன், பூவரசு வெட்டின பிறகும் துளிர்க்கும். ஒரு நல்ல துளிரை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. பழைய வேரிலேயே புது மரம் சீக்கிரம் எழும்பும்.

துளிரே வரலையா? அப்போ அது பூந்தொட்டி. ஓரத்துல 2 இன்ச் விட்டு, நடுவுல 6 இன்ச் ஆழம் குடைந்து, மண்ணும் மண்புழு உரமும் போட்டு டேபிள் ரோஸ் வைக்கலாம். தண்ணீர் வடிய பக்கவாட்டில் ஒரு துளை கட்டாயம். இல்லன்னா மழைத்தண்ணி தேங்கி, டெங்கு கொசுவுக்கு நாமளே வீடு கட்டின கதைதான். சுவரை ஒட்டி இருக்கிற கட்டையை மட்டும் எடுத்துடுங்க. அதுல ஏறின கரையான் கதவு நிலை வரைக்கும் வந்துடும்.