தோற்ற பிறகும் கலையாத அணி: இளையோர் கால்பந்துப் பயிற்சியில் ‘அணி உணர்வு’ உருவாவது எப்படி?

பெங்களூரு: பெங்களூருவின் கிழக்கே காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்துள்ள ஜீவனஹள்ளியில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் சிறுவர்கள், உருதும் தெலுங்கும் பேசும் தோழர்களோடு ஒரே பந்தின் பின்னால் ஓடுவது புதிய காட்சியன்று. அவர்களுள் பதினொரு பேருக்கு ஒரே நிறச் சட்டை அணிவித்துவிட்டால் பார்வைக்கு ஓர் அணி தயாராகிவிடும். முதல் பெரிய தோல்விக்குப் பிறகும் அந்தப் பதினொரு பேரும் மறுவாரப் பயிற்சிக்கு வருகிறார்களா என்பதே பயிற்சியாளருக்கான உண்மையான தேர்வு.

பழைய கன்டோன்மென்ட்டைச் சூழ்ந்த இப்பகுதிகளுக்குக் கால்பந்து அந்நியமானதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமனும், அதே அணியில் ஆடிய அகமது கானும் பெங்களூரு தந்த வீரர்கள். ஜீவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அல்சூரை அடுத்துள்ள கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் அக்குடியிருப்பில் இதை வியப்பாக எவரும் கருதுவதில்லை.

பல மொழி பேசுவோரை ஓர் அணியாக்குவது எப்படி என்பதற்கு இந்தியக் கால்பந்து வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் வங்காளத்தின் சுனி கோஸ்வாமி தலைவராக இருந்தார். பஞ்சாபின் ஜர்னைல் சிங், கேரளத்தின் சந்திரசேகரன், கோவாவின் ஃபிராங்கோ, ஹைதராபாதின் பீட்டர் தங்கராஜ், செகந்தராபாதின் பலராமன், பெங்களூருவின் அருமைநாயகம் ஆகியோரும் அதில் இடம்பெற்றிருந்தனர். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர்.

அந்த அணி தனது முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை ஒதுக்கிவிடாமல் முன்களத்திற்கு மாற்றினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராகவும், இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவுக்கு எதிராகவும் ஜர்னைல் கோல் அடித்தார். காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜ் இறுதி ஆட்டத்தில் கோல் காத்தார். இஸ்ரேல், தைவான் ஆகியவை போட்டியிலிருந்து விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி விமர்சித்திருந்ததால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கொதித்திருந்தது. இருப்பினும் இந்தியா 2-1 என வென்றது. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ரஹீம் அடுத்த ஆண்டு காலமானார்.

இவ்வெற்றியை வீரவுரையின் பலனாகச் சித்திரிப்பது எளிது. திரைப்படங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. காயமடைந்தவருக்கும் நோயுற்றவருக்கும் அணியில் ஒரு குறிப்பிட்ட வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வேலை என்ன என்பது மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது.

விளையாட்டு உளவியல் துறையும் ஏறத்தாழ இதனையே கூறுகிறது. கனடா அறிஞர் ஆல்பர்ட் கேரன், அணி ஒற்றுமையை 1980-களில் இரண்டாகப் பிரித்து விளக்கினார். ஒருவரையொருவர் விரும்புவதால் உண்டாகும் நெருக்கம் ஒன்று. ஒரே இலக்கிற்காக இணைந்து உழைப்பதால் உண்டாகும் பிணைப்பு மற்றொன்று. ஒன்றாகப் பிரியாணி உண்பதும் சுற்றுலா செல்வதும் முதலாவதை வளர்க்கும். ஆனால் பந்தை இழந்தவுடன் யார் திரும்பி ஓடுவது என்ற கேள்விக்கு அவை விடை தருவதில்லை. இளையோர் அணிகளின் பயிற்சியாளர்கள் பலர் முதலாவதை மட்டுமே அணி உணர்வு எனக் கருதிவிடுகின்றனர்.

“ஊர் கூடித் தேர் இழுத்தல்” என்பது தமிழரின் பெருமிதத் தொடர். தேர் வடத்தில் கைவைத்த அனைவரும் உண்மையில் இழுக்கிறார்களா என்பதை பிரான்ஸின் வேளாண் பொறியாளர் மாக்ஸிமிலியன் ரிங்கல்மன் அளந்து பார்த்தார். 1913-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனித்து இழுத்ததில் ஏறக்குறைய பாதி வலிமையையே செலுத்தினர். ஒத்திசைவுக் குறைவு இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை 1974-இல் ஆலன் இங்கம் குழுவினர் வெளிக்கொணர்ந்தனர். கண்கள் கட்டப்பட்டு, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைக்கப்பட்டவர், உண்மையில் தனியாக இழுத்தபோதிலும் தளர்ந்தார். தனது உழைப்பு கவனிக்கப்படாது என்ற எண்ணம் மனிதரைச் சோர்வடையச் செய்கிறது.

எனவே “எல்லாரும் நல்லா ஆடணும்” என்ற பொது அறிவுரையால் பயன் குறைவு. கோல் அடித்த சிறுவனைப் பார்வையாளர்களே பாராட்டிவிடுவர். எதிரணி வீரரை ஓரத்திற்குத் தள்ளிச் சென்ற தடுப்பாட்டக்காரனின் பெயரைப் பயிற்சியாளர்தான் சொல்லியாக வேண்டும்.

பயிற்சியாளரின் நடத்தை எந்த அளவுக்கு முக்கியமானது என்பதற்கு அமெரிக்க ஆய்வு ஒன்று சான்றாகக் காட்டப்படுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்மால், ரொனால்டு ஸ்மித் ஆகியோர் நான்சி பார்னெட்டுடன் இணைந்து சிறுவர் பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டனர். முயற்சியைப் பாராட்டுவது, தவறிழைத்தவனை முதலில் தேற்றிப் பின்னர் திருத்துவது, ஏளனத்தைத் தவிர்ப்பது ஆகியவை குறித்துச் சில பயிற்சியாளர்களுக்கு இரண்டரை மணி நேர வகுப்பு நடத்தப்பட்டது. மறு பருவத்தில் அவர்களது அணிகளிலிருந்து 5 சதவீதச் சிறுவர்களே விலகினர். வகுப்பில் பங்கேற்காத பயிற்சியாளர்களின் அணிகளில் விலகியவர்கள் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கு இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கவில்லை.

விலகும் சிறுவன் பெரும்பாலும் காரணம் கூறுவதில்லை. டியூஷன் இருக்கிறது என்பான், அல்லது ஷூ கிழிந்துவிட்டது என்பான். பல வாரங்களாகப் பெஞ்சில் அமர்த்தப்பட்டதே மெய்யான காரணமாக இருக்கக்கூடும். கால்பந்து விதிகளே இதற்கு ஒரு வழியைத் திறந்துவைத்துள்ளன. தொழில்முறை ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட வீரர் மீண்டும் களமிறங்க முடியாது. இளையோர் ஆட்டங்களிலோ, தேசியக் கால்பந்துச் சங்கம் அனுமதித்தால், வெளியே வந்தவரை மீண்டும் இறக்க மூன்றாம் விதி இடமளிக்கிறது. இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்தினால் அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆடும் நேரம் கிடைக்கும். அதற்காக ஓரிரு ஆட்டங்களை இழக்க நேரிடலாம். பதின்மூன்று வயதினருக்கான கோப்பையை வெல்வதா, பதினைந்து வயதிலும் அச்சிறுவர்கள் ஆடிக்கொண்டிருப்பதா என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே பயிற்சியாளர் முடிவு செய்து, பெற்றோரிடம் தெரிவித்துவிடுவது நல்லது. கோட்டுக்கு வெளியிலிருந்து தந்தை ஓர் உத்தரவும் பயிற்சியாளர் வேறோர் உத்தரவும் பிறப்பித்தால் சிறுவன் பந்தை விட்டுவிட்டு இருவர் முகத்தையும் பார்த்து நிற்பான்.

மொழிப் பிரச்சினையைக் களத்திலேயே தீர்க்கலாம். இடைவேளைகளில் தமிழ்ச் சிறுவர்கள் ஒருபுறமும் உருது பேசுவோர் மறுபுறமும் அமர்வது இயல்பு. பயிற்சியின்போது இணைகளை வாரந்தோறும் மாற்றுவதும், ‘பின்னால் ஆள்’, ‘திரும்பு’ போன்ற ஏழெட்டுக் குறிச்சொற்களை அணி முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொள்வதும் பயனளிக்கும். தலைவர் பட்டையையும் ஒரே சிறுவனின் கையில் நிலைக்க விடாமல் சுழற்சி முறையில் வழங்கலாம்.

இடப் பற்றாக்குறை எஞ்சியிருக்கிறது. நெருக்கமான இக்குடியிருப்புகளில் முழு அளவு மைதானம் கிடைப்பது அரிது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-இல் தொடங்கிய ‘கோல்டன் பேபி லீக்’ திட்டத்தில் சிறுவர் சிறுமியர் சிறிய களங்களில், குறைந்த எண்ணிக்கையிலான அணிகளாக ஆடினர். ஐவர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். பிறர் பின்னால் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. பூங்காவின் ஒரு மூலையும் நான்கு செங்கற்களும் அதற்குப் போதும்.