ஓடிய தூரமா, ஓட்டிய விதமா?

மாட்டுச் சந்தைக்குச் சென்ற நம் முன்னோர் தோற்றத்தை மட்டும் கண்டு மாட்டை மதிப்பிட்டதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தனர். உடம்பில் சுழி பார்த்தனர். நடக்கவிட்டு நடை பார்த்தனர். ஏரில் பூட்டியும் பார்த்தனர். அதன் பின்னரே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினர். ஆனால் பழைய கார் வாங்கச் செல்லும் இக்காலத்தவர் பலரிடம் அந்த நிதானம் காணப்படுவதில்லை. வண்ணப் பூச்சின் மினுமினுப்பைக் கண்டதும் மனம் மயங்கி, அன்றே முன்பணம் கொடுத்துவிடுகின்றனர்.

இது குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய செய்தியாகும். தந்தை, தாய், பிள்ளைகள் இருவர் என நால்வரும் ஒரே இருசக்கர வண்டியில் மழையில் நனைந்து செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று. முதிய பெற்றோரை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழியின்றித் தவிக்கும் இல்லங்களும் உள்ளன. புதிய கார் வாங்கினால் பல ஆண்டுகள் வங்கித் தவணை கட்ட வேண்டும். ஆகவே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகி, ஒரு லட்சம் கிலோமீட்டர் கடந்த காரை நாடுவதில் இழிவு ஏதுமில்லை. அது விவேகமான செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வண்டி நாள்தோறும் பிள்ளைகளைச் சுமந்து ஓடப்போகிறது. அது வழியில் நின்றால் அன்றைய வேலை கெடும். பிரேக் பிடிக்கத் தவறினால் உயிருக்கே கேடு. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதில் அடங்கியிருக்கிறது. எனவே எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதை அறிந்து செல்ல வேண்டும்.

கிலோமீட்டர் எண் சொல்வதும் சொல்லாததும்

வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியது?" என்பதே. அது மட்டும் போதாது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,50,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எஞ்சின் 2,500 மணி நேரம் உழைத்திருக்கும். நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரின் எஞ்சினோ 3,000 மணி நேரம் உழைத்திருக்கும்! அந்நகர வண்டியில் கிளட்சும் பிரேக்கும் பல்லாயிரம் முறை அதிகமாக மிதிபட்டிருக்கும். எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே நின்றுவிடும் குறும்பயணங்கள் அதற்கு மிகுந்த தேய்மானத்தைத் தருவன. ஆதலால் ஓடிய தூரத்தைக் காட்டிலும் ஓட்டிய விதமும் பேணிய விதமும் முதன்மையானவை.

மேலும், அந்த எண்ணையே திருத்தி வைப்பவர்களும் உண்டு. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று கொண்டால், பன்னிரண்டு ஆண்டுக் கார் ஏறத்தாழ 1,20,000 காட்ட வேண்டும். 45,000 காட்டினால் காரணம் கேளுங்கள். ஓய்வு பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டியிருக்கலாம். அதனைச் சான்றுகள் மெய்ப்பிக்க வேண்டும். சர்வீஸ் செய்த ரசீது ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பெடல்களின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்தும், ஸ்டியரிங் வளையம் பளபளத்தும், ஓட்டுநர் இருக்கை குழிந்தும் இருந்து, எண் மட்டும் குறைவாக இருப்பின், அங்கே உண்மை மறைக்கப்பட்டிருக்கிறது என்று ஐயுறலாம். ரசீதுகளோடு கூடிய 1,40,000 கிலோமீட்டர் கார், ரசீதே இல்லாத 60,000 கிலோமீட்டர் காரினும் நம்பத்தக்கது.

குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது

காலை வேளையில், முன்னரே சொல்லிவைத்துச் செல்லுங்கள். வண்டியை நீங்கள் வரும் வரை இயக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்றதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்நிலையில் வெளிப்படும் குறையை மறைக்க முன்கூட்டியே இயக்கியிருக்கலாம்.

எஞ்சினை இயக்குமுன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைக் காணுங்கள். மோர் போன்ற வெண்மையான குழம்பு படிந்திருந்தால், எண்ணெயில் நீர் கலந்ததாக ஐயம் கொள்ள வேண்டும். ரேடியேட்டர் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அவ்வாறே. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும் என்பதை மறவாதீர்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் இயங்கியபின் அணைய வேண்டும். ஒரு விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை எனில், குறையைக் காட்டாதிருக்க அதனைச் செயலிழக்கச் செய்துள்ளனரா என்று பாருங்கள். பின்பு புகைக் குழாயின் அருகே நில்லுங்கள். நீலப் புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். அது பெருஞ்செலவின் முன்னறிவிப்பு. கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். குளிர்காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் நீராவி இயல்பானது. ஆனால் எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நின்றால், ரேடியேட்டர் நீர் உள்ளே எரிகிறது என்று பொருள்.

அதன்பின் ஏ.சி.யை இயக்கி, வண்டியை நிறுத்திய நிலையிலேயே கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி தானே சுழல வேண்டும். வெப்பமானி முள் நடுவைத் தாண்டி ஏறக் கூடாது. நமது கோடை வெயிலில் இச்சோதனையைத் தவிர்த்தல் ஆகாது.

வெள்ளமும் கடற்காற்றும்

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். அவ்வாறு நீரில் மூழ்கிய வண்டிகளைப் பழுது நீக்கி, மீண்டும் விற்பதுண்டு. அவை பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் மின்கம்பிகளின் இணைப்புகள் மெல்ல மெல்ல அரித்து, ஓராண்டு சென்ற பின் ஒவ்வொன்றாகக் கெடும்.

கண்டறிவது எப்படி? சீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டுகளிலும் திருகாணிகளிலும் துரு இருக்கிறதா? பின்புறப் பெட்டியில் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கினால் அடியில் மண் படிந்திருக்கிறதா? முகப்பு விளக்கின் உள்ளே நீர்த்திவலை உண்டா? கம்பளத்தில் புழுங்கிய நாற்றமோ, அதனை மறைக்கும் மிகையான நறுமணமோ வீசுகிறதா? இவற்றுள் இரண்டு ஒன்றுசேர்ந்தால் வணங்கி விடைபெறுங்கள்.

கடலோர ஊர்களில் இருந்த வண்டியாயின் கதவுகளின் அடிவிளிம்பையும் வண்டியின் அடித்தளத்தையும் விளக்கு அடித்துப் பாருங்கள். மேற்பூச்சில் தோன்றும் துருவைச் சீர்செய்யலாம். சட்டத்தையே அரித்த துருவுக்கு மருந்தில்லை. கதவு இடைவெளிகள் ஒரே சீராக இல்லாமை, வண்ணத்தில் சிறு வேறுபாடு, பானெட்டின் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு ஆகியவை விபத்தின் சாட்சிகளாகும்.

ஓட்டிப் பார்த்தல்

வீதி முனை வரை சென்று திரும்புவது சோதனை ஆகாது. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நீங்கள் ஓட்டப் பழகியவர் அல்லர் எனின், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வானொலியை நிறுத்தி, செவியைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங்கை முழுவதும் ஒருபுறம் திருப்பி மெல்ல ஓட்டும்போது, முன்சக்கரப் பகுதியில் "டக், டக்" என்ற ஒலி எழுந்தால் ஆக்ஸில் இணைப்பு தேய்ந்துள்ளது. மேட்டில், உயர்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மட்டும் அலறி, வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் தட்டு தேய்ந்துள்ளது. ஆளில்லாத சாலையில் பிரேக்கை அழுத்தினால் வண்டி ஒருபுறம் இழுக்கக் கூடாது. வண்டியை நிறுத்தியபின் பிரேக் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்லக் கீழே இறங்கினால் பிரேக் திரவம் எங்கோ கசிகிறது. அதனைச் சரிசெய்யாமல் அவ்வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

டயர்களின் பக்கவாட்டில் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். 2319 எனில், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் வெடிப்பு விட்ட முதிய டயர் நம்பத்தக்கதன்று. டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருப்பது சக்கரங்களின் ஒழுங்கு குலைந்ததைக் காட்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் பட்டை உண்டு. குறித்த கிலோமீட்டரில் அதனை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் சில எஞ்சின்கள் முற்றிலும் பாழாகும். மாற்றியதற்கு ரசீது இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். மேலும் இன்று 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே நிலையங்களில் பரவலாகக் கிடைக்கிறது. பழைய கார்கள் பல அதற்கென அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ உண்டா என்று கட்டாயம் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பின், விற்பவர் காட்டும் மெக்கானிக்கிடம் அன்று, நீங்கள் அறிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு சென்று, தூக்கி நிறுத்தி அடிப்புறம் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். அது வீண் செலவன்று.

காகிதமும் காரின் பாகமே

ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் குறிப்பு இருப்பின், வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் பெற்று அதனை நீக்கச் செய்ய வேண்டும். செலுத்தாத அபராதங்களையும், காப்பீடு எந்நாள் வரை உள்ளது என்பதையும் மத்திய அரசின் பரிவாகன் சேவையில் காணலாம். புதுச்சேரி அல்லது பிற மாநிலப் பதிவு எனில், தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்ந்தே உண்மையான விலையாகும். சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பின்பு தகுதிச் சோதனையில் தேறி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதின்மூன்று ஆண்டுக் காரை வாங்குவோர் இதனையும் கணக்கிடுக.

பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை. வாங்கியவர் 30 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; காப்பீட்டை மாற்ற 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத வேண்டும். விற்பவரும் கவனிக்க! வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு, பாரம் நீங்கியது என்று இருப்போர் பலர். வண்டி கைமாறிக் கைமாறிச் சென்றாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாறும் வரை விற்பனை முடியவில்லை என்பதே உண்மை.

கையிருப்பும் விலையும்

கையில் ஒன்றரை லட்சம் இருந்தால், ஒன்றேகால் லட்சத்திற்குமேல் விலை பேசாதீர். மிஞ்சிய இருபத்தையாயிரம், வாங்கிய முதல் மாதத்திலேயே ஆயில், வடிகட்டிகள், பிரேக், பேட்டரி, டயர் ஆகியவற்றிற்குத் தேவைப்படும். உதிரிபாகம் கிடைக்குமா என்றும் முன்னரே விசாரியுங்கள். 1983-இல் வெளிவந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எனினும் அதன் இயல்பை அறிந்த மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் உள்ளனர். விலை மலிந்த ஆடம்பரக் காருக்கோ ஒரு சிறு பாகத்திற்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். நாள்தோறும் ஓட வேண்டிய வண்டிக்கு எளிமையே சிறப்பு.

மறைத்து விற்றல் தகுமா?

விற்பவரின் கடமையைப் பற்றியும் ஒரு சொல். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை ஆராய்ந்துள்ளார். ஒற்றைக் கண் குதிரையின் குறை எவர்க்கும் வெளிப்படை. விலையைத் தக்கவாறு குறைத்தால் விற்பவர் அதனை எடுத்துரைக்கக் கடமையில்லை. ஆனால் கண்ணுக்குப் புலப்படாததும், வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிப்பதுமான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. கீறல் விழுந்த கதவு அந்தக் குதிரையின் கண்ணைப் போன்றது. கசியும் பிரேக்கும் வெள்ளத்தில் மூழ்கிய வரலாறும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை மறைத்துப் பெறும் பணம், எவ்வளவு சிறிதாயினும், பிறர் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றதேயாகும்.

வாங்குவோருக்கு இறுதியாக ஒன்று: "இன்றே முடிக்காவிட்டால் வேறொருவர் கொண்டு போய்விடுவார்" என்று அவசரப்படுத்துவோரிடம் வாங்காதீர். ஓர் இரவு உறங்கி எழுந்து, இல்லத்தரசியோடும் பெரியவர்களோடும் கலந்து பேசுங்கள். நான்கு வண்டிகளை வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவருக்கே ஐந்தாவது வண்டி நல்லதாக அமையும்.