கண்டு உரைக்கும் கலையும் காண்போர் தீர்ப்பும்

இறந்தோர் உடலை அறுத்து ஆய்ந்து, இறப்பின் காரணத்தை வழக்கு மன்றத்துக்கு எடுத்துரைக்கும் மருத்துவத் துறையைச் சட்ட மருத்துவம் என்பர். அவ்வாய்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆட்டாப்சி' என்னும் சொல் கிரேக்க மொழியினின்று பிறந்தது. 'தன் கண்ணால் காண்டல்' என்பது அதன் பொருள். கேட்டதை விட்டுக் கண்டதையே கூறுதல் இத்துறையின் அறம் என்பதனை அச்சொல்லே உணர்த்துகின்றது.

இத்துறை மருத்துவர் ஒருவரைத் தலைமகனாகக் கொண்ட நாடகம் 'குவின்சி'. அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி இதனை 1976 முதல் 1983 வரை ஒளிபரப்பியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மருத்துவர் குவின்சியாக நடித்தவர் ஜாக் கிளக்மன் ஆவார்.

இந்நாடகத்தைக் கண்டோர் கருத்து இருவேறாகப் பிரிந்தது. பிண ஆய்வாளர் தாமே துப்பறிந்து, தாமே குற்றவாளியைத் தேடிச் செல்லுதல் இயல்புக்கு ஒவ்வாது என்றனர் சிலர். மெய்யான ஆய்வாளரின் பணி ஆய்வு மேசையிலும் அறிக்கையிலும் சாட்சிக் கூண்டிலும் அடங்குவது அன்றோ? பிற்காலத்தில் கதை குன்றி அறவுரை மிகுந்தது என்பதும் அவர்தம் குறை. அவ்வறவுரையே நாடகத்தின் சிறப்பு என்றனர் ஏனையோர்.

எவர் கூற்று பொருந்தும்? இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் விடை தெளிவாகும்.

நோயாளர் தொகை குறைவாயின் மருந்து விற்பனையில் ஊதியம் இராது. ஆதலின் அரிய நோய்களுக்கு மருந்து செய்ய அந்நாளில் நிறுவனங்கள் பெரிதும் முன்வரவில்லை. இக்கொடுமையைக் குவின்சி நாடகம் 1981ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. உறுப்புகள் தம் வயமின்றித் துடிக்கும் டூரெட் நோயே அன்றைய கதைப்பொருள். நாடகக் குழுவில் எழுத்தாளராக இருந்த மாரிஸ் கிளக்மன், நடிகரின் தமையனார். அரிய புற்றுநோய் ஒன்றால் துன்புற்றவர். ஜாக் கிளக்மன் அமெரிக்கப் பேராளர் அவையின் துணைக்குழு முன் தோன்றியும் நோயாளர்க்காகப் பேசினார். 1982இல் அப்பொருளை நாடகம் மீண்டும் எடுத்தது. 1983 சனவரி 4ஆம் நாள் 'அநாதை மருந்துச் சட்டம்' கையொப்பமாயிற்று. அரிய நோய்க்கு மருந்து காண்போர்க்கு வரிச்சலுகையும் ஏழாண்டுத் தனி விற்பனை உரிமையும் அச்சட்டம் அளித்தது. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் பத்துக்கும் குறைந்த மருந்துகளே இவ்வகையில் வெளிவந்திருந்தன. பின்னர் அவை பல நூறாகப் பெருகின.

அதே 1982இன் இறுதியில், 'பங்க்' என்னும் இசை இளைஞரைக் கொலைக்குத் தூண்டுவதாக வேறொரு கதை வந்தது. அவ்விசையில் ஈடுபட்ட இளைஞர் அதனைக் கண்டு நகைத்தனர். ஆடையில் மட்டும் அவ்விசைஞரைப் போன்று தோன்றும் போலிகளைக் 'குவின்சி பங்க்' என்று இகழும் வழக்கும் தோன்றியது.

முன்னதில் துன்புற்றோர் சொல் கேட்டு எழுதினர். பின்னதில் அச்சத்தைக் கேட்டு எழுதினர். நாடகம் அறம் உரைத்தது குற்றமன்று. காணாததைக் கண்டதுபோல் உரைத்ததே குற்றம். பிண ஆய்வாளர்க்கு உரிய அளவுகோலையே அவர்தம் கதைக்கும் வைத்தனர் காண்போர். அத்தீர்ப்பு நேரியதே.