கணினியோடு கூடவே விழித்தெழுவோர்

காலையிலே கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்படிக்குச் சென்று தேநீர் ஊற்றிக் குடித்துத் திரும்பி வந்தும், திரையிலே அச் சிறு வட்டம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கக் காணும் இல்லங்கள் நம்மிடையே பல. "இது பழசாய்ப் போய்விட்டது, புதியதொன்று வாங்கவேண்டும்" என்று பிள்ளைகள் முறையிடுவதும், பெற்றோர் கையிருப்பை எண்ணிப் பெருமூச்செறிவதும் அடுத்தபடியாக நிகழ்வன. ஆயின் அக் கணினி உண்மையிலேயே மூப்படைந்துவிட்டதா என்பதை முதலில் ஆராய்தல் நன்று. பல சமயங்களிலே குற்றம் கணினியுடையதன்று. அது விழிக்கும்போது எவருடைய அழைப்புமின்றிக் கூடவே எழுந்துவிடும் செய்நிரல்களுடையதேயாகும்.

இவ் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1980களிலே டொஸ் முறைமையில் இயங்கிய கணினிகளில் 'ஓட்டோஎக்செக்' என்னும் பெயருடைய சிறு கோப்பொன்று இருந்தது. கணினி எழுந்தவுடன் அதிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். அக்காலத்தில் செய்நிரல்களுக்கெனக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைற் மாத்திரமே. ஆதலால் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று உடையவரே கருமியைப்போற் கணக்குப் பார்த்தார். 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, கண்ணுக்குத் தெரியும் தொடக்கக் கோப்புறையொன்று இருந்ததாயினும், பட்டியலின் பெரும்பகுதி 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பெரும் பதிவேட்டினுள்ளே சென்று மறைந்துகொண்டது. அங்கே 'ரன்' என்ற தலைப்பின் கீழ்த் தன் பெயரை எழுதிவைத்துக்கொண்ட எச் செய்நிரலும், பயனர் கணினியினுட் புகுந்தவுடன் தானாகவே இயங்கத் தொடங்கும். எழுதிவைக்குமுன் நம்மிடம் உத்தரவு கேட்பவை சிலவே.

இதனால் நேரும் தீங்கு தாமதம் ஒன்றேயன்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்னும் தீநிரலை மூத்த வாசகர் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். காதற் கடிதம் என்ற தலைப்பிட்ட மின்னஞ்சலை ஆவலோடு திறந்தோரின் கணினிகளில் அது தன் பிரதிகளை வைத்து, அதே பதிவேட்டிலே தன் பெயரையும் பதிந்துகொண்டது. ஆகவே கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் நோய் தீரும் என நம்பியோர் ஏமாந்தனர். ஒவ்வொரு விழிப்பிலும் அதுவும் விழித்தது. குடும்பப் புகைப்படங்கள் எத்தனையோ அதனால் அழிந்துபோயின.

இன்று இப் பட்டியலைப் பார்ப்பது எளிது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். அதிலே 'ஸ்டார்ட்டப்' என்ற பகுதியில், தாமாக எழும் செய்நிரல்களின் பெயர்களும், அவை தொடக்கத்தைத் தாமதப்படுத்தும் அளவும் காணப்படும். மையச் செயலியின் நேரத்தில் ஒரு விநாடிக்கு மேல் எடுப்பது, அல்லது வட்டிலே 3 மெகாபைற்றுக்கு மேல் வாசித்தோ எழுதியோ தொல்லை தருவது 'ஹை' எனக் குறிக்கப்படும். வேண்டாததன் பெயரில் வலப்புறச் சொடுக்குச் செய்து 'டிசேபிள்' என்பதைத் தெரிந்தாற் போதும். நிறுத்துதல் வேறு, அழித்தல் வேறு; நிறுத்திய செய்நிரல் கணினியை விட்டு நீங்குவதில்லை, நாம் அழைக்கும்போது வரும். பாட்டுக் கேட்பதற்கானது, விளையாட்டுக்கானது, அரட்டைக்கானது முதலியவற்றை எவ்வித அச்சமுமின்றி நிறுத்தலாம். காலை ஆறு மணிக்கே விளையாட்டுத் தோழன் வீட்டு வாயிலில் வந்து காத்திருக்க வேண்டியதில்லையன்றோ!

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எமக்குத் தெரிந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இவ் வித்தையைக் கற்ற அன்றே, உற்சாக மிகுதியாற் பட்டியலிலிருந்த யாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டார். கணினி குதிரைபோற் பாய்ந்தது. நண்பர்களிடமும் பெருமை பேசினார். அவர் நிறுத்தியவற்றுள், எழுதுங் கோப்புகளை இணையக் களஞ்சியத்துக்கு அனுப்பிப் பிரதி வைக்கும் செய்நிரலும் ஒன்று. கோப்புறை வழமைபோலவே காட்சியளித்தமையால் அவருக்கு ஐயமேதும் எழவில்லை. மூன்று வாரங்களின் பின்னர் வன்தட்டுப் பழுதடைந்தது. களஞ்சியத்திலே இருந்தது மூன்று வாரத்துக்கு முந்திய ஆய்வுக் கட்டுரை. அதன் பின் எழுதிய இரண்டு அத்தியாயங்களைக் காணோம். இரவிரவாக அவற்றை மீண்டும் எழுதி, பிந்திச் சமர்ப்பித்துப் புள்ளிகளையும் இழந்தார்.

ஆதலின் பிரதி வைப்பது, தீநிரற் காவல், தொடுபலகைக்கும் ஒலிக்கும் உரியவை ஆகியவற்றிற் கை வையாதிருத்தல் வேண்டும். தமிழிலே தட்டெழுதுவதற்கெனத் தனியே நிறுவிய விசைப்பலகைச் செய்நிரலும் இவ்வினத்ததே. அதை நிறுத்திவிட்டு, மறுநாள் தமிழெழுத்து வரவில்லையென்று கணினி திருத்துபவரிடம் ஓடுவோரும் உளர்.

பெயர் விளங்காதவற்றை உடனே நிறுத்தாது, அவை எக் கோப்புறையிலிருந்து வருகின்றன, யார் வெளியிட்டவை என்று முதலில் பார்க்கவேண்டும். இன்னும் ஆழமாகத் தேட விரும்பும் மாணவர்க்கு, மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் ஆகிய இருவர் ஆக்கிய 'ஓட்டோரன்ஸ்' என்னும் கருவி உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2006இல் அவர்களது நிறுவனத்தை வாங்கியபின்னரும் அது இலவசமாகவே கிடைக்கின்றது. டாஸ்க் மனேஜர் காட்டாத மூலைமுடுக்குகளையும் அது காட்டும். அதனாலேயே அனுபவமில்லாதோர் அதைப் பார்ப்பதோடு நிற்பது உத்தமம்.

ஒரு நாளைக்கு ஒன்றையோ இரண்டையோ நிறுத்தி, பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியிலே குறித்துவைத்து, மறுநாட் காலையில் யாவும் ஒழுங்காக நடைபெறுகின்றனவா எனப் பார்த்து, அதன் பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரு வாரம் இவ்வாறு செய்தபின்னும் வட்டம் சுழன்றுகொண்டேயிருந்தால், அப்போது புதிய கணினியைப்பற்றி வீட்டிலே பேசலாம்.