ஊசிக்கு முன்னால் குழாயைப் பாருங்க! சொந்த ரத்தத்தில் வைத்தியம்: முடி முளைக்குமா, முழங்கால் வலி தீருமா?

முகம் பளபளக்க வேண்டும் என்று ஊசி போட்டுக் கொண்டார் ஒரு பெண். வந்து சேர்ந்ததோ எச்.ஐ.வி. கிருமி!

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2018-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. அவருக்குப் போட்டது 'பி.ஆர்.பி.' எனப்படும் தட்டணு ஊசி. ஒருவருடைய ரத்தத்தை எடுத்து, பிரித்து, அவருக்கே திரும்பச் செலுத்தும் வைத்தியம்.

சொந்த ரத்தத்தில் அடுத்தவர் கிருமி எப்படி வந்தது?

அந்த அழகு நிலையத்துக்குள் நுழைந்து பார்த்த சுகாதார அதிகாரிகள் திடுக்கிட்டார்கள். பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையல் மேடையில் கிடந்தன. பிரிட்ஜில் சாப்பாட்டுப் பொருளோடு ரத்தக் குழாய்கள். உறை பிரித்த சிரிஞ்சுகள் மேஜை டிராயரிலும் குப்பைத் தொட்டியிலும். ஒரு முறை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய சாமான்களை மறுபடி மறுபடி உபயோகித்திருக்கிறார்கள். நிலையத்துக்கு லைசென்சே கிடையாது!

நிலையம் இழுத்து மூடப்பட்டது. சுமார் 200 பேருக்குப் பரிசோதனை நடந்தது. அங்கே போன 4 பேருக்கும், ஒருவரின் துணைக்கும், ஒன்றுக்கொன்று நெருங்கிய கிருமி இருப்பது தெரிய வந்தது. இவர்களில் 3 பேருக்கு அந்த ஊசி மூலமே தொற்றியிருக்க வேண்டும் என்று 2024-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நிலையத்தை நடத்திய பெண், டாக்டர் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததை 2022-ல் ஒப்புக் கொண்டார். மூன்றரை ஆண்டு ஜெயில்!

அதே ஊசி இங்கேயும்

இந்த ஊசி சென்னைக்கும் வந்து பல வருஷம் ஆகிறது. தோல் கிளினிக், முடி கிளினிக், மூட்டு வைத்திய போர்டுகளில் 'பி.ஆர்.பி.' என்ற எழுத்தைப் பார்க்கலாம்.

"அண்ணாச்சி, நாலு ஊசி போட்டா முடி வந்துடுமாமே, நெசமா?" என்று கேட்கும் குமாஸ்தாக்கள் உண்டு. "எவன் கண்டான் தம்பி, காசைப் பிடுங்குற வேலையா இருக்கும்" என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. இரண்டிலும் பாதிப் பாதி உண்மை. விவரம் வருமாறு:-

தட்டணு என்பது என்ன?

டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை 'பிளேட்லெட்'. அதுதான் தட்டணு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். கையில் வெட்டுப்பட்டால் ரத்தத்தை உறைய வைப்பது இதுதான். புண் ஆறவும், திசு வளரவும் தூண்டும் புரதங்களும் இதற்குள் இருக்கின்றன.

அந்தத் தட்டணுவைக் கூட்டமாகச் சேர்த்து, பழுதான இடத்தில் கொண்டு போய் விட்டால் என்ன என்ற யோசனைதான் இந்த வைத்தியம். தாடை எலும்பு ஆபரேஷனில் இதை உபயோகித்த விவரம் 1998-ல் வெளியானது. 2009-ல் அமெரிக்க புட்பால் வீரர் ஹைன்ஸ் வார்ட், முழங்கால் அடிபட்டு இந்த ஊசி போட்டுக் கொண்டு இறுதிப் போட்டியில் ஆடினார். அதன் பிறகு ஊரெல்லாம் பேச்சு.

நடப்பது எப்படி?

ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பது போலவே கையில் ரத்தம் எடுப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள், அவ்வளவுதான். உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் ஊற்றி, சென்ட்ரிபியூஜ் எனப்படும் எந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பணு அடியில் தங்கும். மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். தட்டணு செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்து ஊசியாகப் போடுவார்கள்.

எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து விடும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். தலையில் பல இடத்தில் குத்துவதால் வலிக்கும். மரத்துப் போக மருந்து தடவுவார்கள். இரண்டு, மூன்று நாள் வீக்கமும் வலியும் இருக்கலாம்.

முடி வருமா?

மெலிந்து கொட்டும் முடிக்கு ஓரளவு பலன் உண்டு என்று சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வேர் உயிரோடு இருந்தால்தான் அதுவும். வழவழவென்று ஆகி விட்ட வழுக்கையில் முளைக்காது.

மாதம் ஒன்று என்று மூன்று, நான்கு ஊசி போடுவது வழக்கம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதோடு முடிந்ததா? இல்லை. பிறகும் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை போட வேண்டியிருக்கும். ஒரு தடவைக்குச் சில ஆயிரம் ரூபாய். சம்பளக்காரர்கள் முதல் ஊசிக்கு மட்டும் கணக்குப் போட்டு இறங்கினால், பாதியில் நிற்க வேண்டியதுதான்.

முழங்கால்?

ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிக்கு தட்டணு ஊசி. மறு பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு கோஷ்டிக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது! தேய்ந்த குருத்தெலும்பிலும் வித்தியாசம் இல்லை. 2021-ல் வெளியான முடிவு இது.

சில மாதம் வலி குறைந்தது என்று சொல்லும் வேறு ஆராய்ச்சிகளும் உண்டு. ஆனால் "தேய்ந்த மூட்டு புதுசா வளர்ந்துடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேரண்டி ஆசாமிகள்

"நூற்றுக்கு நூறு கேரண்டி" என்று சொல்லும் இடத்தில் நிற்கவே கூடாது. இன்றைக்கே பணம் கட்டினால் பாதி விலை என்று அவசரப்படுத்தினாலும் எழுந்து வந்து விடலாம். கையில் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை:-

ஊசி போடுபவர் டாக்டர்தானா என்று கேட்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணை வாங்கி தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கூச்சப்படத் தேவையில்லை.

சிரிஞ்சும் குழாயும் புதிதாக, கண் முன்னால் உறை பிரிக்க வேண்டும். ரத்தம் எடுத்த உடனே குழாயில் பெயர் எழுத வேண்டும். ஒரே எந்திரத்தில் நாலு பேர் ரத்தம் சுற்றும் இடத்தில் இந்தப் பெயர்ச் சீட்டுதான் காவல்காரன். ஊசி போடும் முன்பும் அந்தப் பெயரை ஒரு தரம் படித்துப் பார்க்க வேண்டும்.

தட்டணு குறைந்தவர்கள், ரத்த நோய், புற்றுநோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் புண், சீழ் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லி விட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. வலி மாத்திரைகளைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

சந்தேகமான இடத்தில் ஏற்கனவே ஊசி போட்டுக் கொண்டு மனசு அடித்துக் கொள்கிறவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பெயரும் முடிவும் வெளியே போகாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளான 'பி', 'சி'க்கும் சேர்த்துப் பார்த்துக் கொள்வது நல்லது.